சவ்வு காயும் பாறை

"பாறை இருக்குதில்ல மச்சான்?" என்று கேட்டாள் பொன்னாயி.

"பாறை எங்க போவுது? பாட்டன் பூட்டன் காலத்துல இருந்து அங்கயேதான் கெடக்குது" என்றான் செங்கோடன்.

"அப்பறம் என்ன அவசரம்? சாமை வெளையட்டும். அறுத்துப் பாறையில போட்டுப் பிணையல் ஓட்டு. அன்னைக்குச் சாயங்காலமே எங்கய்யன்கிட்ட வந்து கேளு. அதுக்குள்ள நான் எங்கயும் ஓடிப்போயிர மாட்டேன்."

"நீ ஓட மாட்டே. உங்கய்யன் வேற ஊருக்கு ஓட்டி உட்ருவாரே!"

"ஓட்டி உட்டா, திரும்பி வர வழி தெரியாதவளா நானு?"

மிளகுக் கொடி படர்ந்த மரத்தடியில், ஓர் ஆவணி மாதத்தில் நடந்த பேச்சு இது. அதற்குப் பிறகு வந்த வருடங்களில் செங்கோடன் இதை மனசுக்குள் எத்தனையோ முறை ஓட்டிப் பார்த்துவிட்டான். பொன்னாயி சொன்னதில் ஒரு பிசகும் இல்லை. அவன் சொன்னதில்தான் ஒரு வாக்கியம் பொய்த்துப் போனது. பாறை எங்க போவுது என்று கேட்டான் அல்லவா? பாறை போய்விட்டது. இருந்த இடத்தை விட்டு நகராமலேயே போய்விட்டது. இப்படிப்பட்ட காரியத்தை வெள்ளத்தாலோ இடியாலோ செய்ய முடியாது. ஒரு நிறுவனத்தால்தான் முடியும்.

மலைமேல், அரியூர் நாடு என்ற பகுதியில், அவர்களுடைய ஊர் ஒரு சரிவில் இருந்தது. கதிர் போட்டு மிதிக்கும் அளவுக்குச் சமதரை யார் வீட்டிலும் கிடையாது. ஊருக்கு மேலே, தோசைக்கல்லைக் கவிழ்த்து வைத்தது போல் கிடந்த வட்டப்பாறைதான் எல்லாருக்கும் களம். மாடுகளை வரிசையாகக் கயிற்றில் பிணைத்து, கதிரின் மேல் சுற்றிச் சுற்றி ஓட்டுவார்கள். புதுச் சாமையை அந்தப் பாறையில் மிதித்து, முதல் முறத்தைத் தூற்றிய பிறகுதான் அந்த வருடத்துக்கு யாரும் யார் வீட்டிலும் பெண் கேட்கலாம். அது ஊர்க்கட்டு. சோற்றுக்கு வழி செய்துவிட்டு வா, அப்புறம் சோறு போடுகிறவளைக் கேள் என்பது அதன் பொருள்.

இந்தக் கட்டை வேறு யாராவது மீறினாலும் மீறலாம், ஊர்க்கவுண்டர் கந்தப்பன் மீற மாட்டார். கட்டிய வேட்டியை விட்டாலும் கட்டிய கட்டை விடாதவர். செங்கோடனின் துரதிர்ஷ்டம், அவர்தான் பொன்னாயியின் அப்பா.

அந்த வருடம் ஐப்பசியில், சாமை பால் பிடித்துக்கொண்டிருந்தபோது, அடிவாரத்துச் சேந்தமங்கலத்திலிருந்து ஒரு ஜீப் ஏறி வந்தது. தாவரச் சவ்வு உயராய்வு நிறுவனத்தின் இயக்குநர் டாக்டர் அர்த்தனாரி அதில் இருந்தார். கொண்டை ஊசி வளைவுகள் ஒவ்வொன்றிலும் அவர் வயிறு ஒரு தீர்மானத்தை முன்மொழிந்துகொண்டே வந்தது. வட்டப்பாறையைத் தாண்டும்போது தீர்மானம் நிறைவேறியது. ஜீப்பை நிறுத்தச் சொல்லி இறங்கி, பாறையின் ஓரமாகக் குனிந்து, வேண்டியதைச் செய்து முடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். குளிர்ந்த காற்று முகத்தில் பட்டது. இனி ஒரு வளைவுகூட ஏறுவதில்லை என்று முடிவு செய்தார்.

"இயற்கையே கட்டி வைத்த ஆய்வுக்கூடம்!" என்றார் உதவியாளர்களிடம்.

பிற்பாடு வெளியான ஆண்டறிக்கையில், மலை முழுவதும் நடத்திய விரிவான நிலவியல் ஆய்வுக்குப் பிறகு இந்த இடம் தேர்வு செய்யப்பட்டதாக இருந்தது.

ஒரு வாரத்தில் பாறையைச் சுற்றி முள்கம்பி வேலி வந்தது. ஓரத்தில் தகரக் கொட்டகை வந்தது. 'சவ்வுப் பாதுகாப்பு மண்டலம் – அத்துமீறி நுழையாதீர்' என்று பலகை வந்தது. பாறை மேல் கண்ணாடித் தட்டுகளைப் பரப்பி, கஞ்சி போல ஒன்றை ஊற்றிக் காய வைத்தார்கள்.

சாமை முற்றியது. செங்கோடன் ஒரு சீப்பு மலைவாழைப் பழத்தை எடுத்துக்கொண்டு, பாறையைக் கேட்கப் போனான். கொட்டகையில் சசிகுமார் என்ற இளம் விஞ்ஞானி இருந்தான். ஒல்லியாக, கண்ணாடி போட்டு, தனிமையில் வாடிப்போனவனாக இருந்தான்.

"ஏனுங்க சாமி, இந்தப் பாறை விசயமாத்தான் வந்தேன்."

"வாங்க, உக்காருங்க! பாறையில என்ன செய்யறோம்னு தெரிஞ்சுக்கணும், அதானே?" மலைக்கு வந்ததிலிருந்து அவனிடம் யாரும் எதுவும் கேட்டதில்லை. ஒரு மனிதர் கிடைத்ததும் மடை திறந்துவிட்டது. "எரிபொருள் மின்கலம்னு ஒண்ணு இருக்குங்க. ஒரு பக்கம் ஹைட்ரஜன் வாயு, மறுபக்கம் ஆக்சிஜன். நடுவுல ஒரு மெல்லிய சவ்வு. ரெண்டு வாயுவும் நேரா கலந்துரக் கூடாது. ஹைட்ரஜனோட உள்ள இருக்கிற ஒரு பொடித் துகள் மட்டும் சவ்வைத் தாண்டிப் போகணும். அப்படிப் போனாத்தான் கரண்டு வரும். புகை கிடையாது. வெளிய வர்றது வெறும் தண்ணிதான்."

"அப்படீங்களா? பாறைய எப்ப..."

"இப்ப உலகம் முழுக்க அந்தச் சவ்வை ஒருவிதப் பிளாஸ்டிக்குலதான் செய்யறாங்க. விலையும் அதிகம், மக்கவும் மக்காது. நாங்க அதை உங்க மரவள்ளிக்கிழங்கு மாவுல செய்யறோம்! வேலை முடிஞ்சதும் மண்ணோட மண்ணாப் போயிரும்."

செங்கோடன் யோசித்தான். மரியாதைக்கு ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "மாப்பிள்ளை ஊட்டுக்கும் பொண்ணு ஊட்டுக்கும் நடுவுல ஊர்க்கவுண்டரு உக்காந்திருக்கற மாதரிங்களா? ரெண்டு சனமும் நேரா மோதிக்கக் கூடாது. சேதி தாக்கல் மட்டும் அவரு வழியாப் போகோணும்" என்றான்.

சசிகுமார் துள்ளி எழுந்து அவன் கையைப் பிடித்துக் குலுக்கினான். அன்றே இந்த உவமை இயக்குநருக்குப் போனது. மறுநாளே உத்தரவு வந்தது. 'மலைவாழ் மக்களின் மரபறிவு' என்று ஒரு பிரிவு தொடங்கப்பட்டு, செங்கோடன் அதில் உள்ளூர்ப் பங்கேற்பாளராக அறிவிக்கப்பட்டான். நிறுவனத்தின் முத்திரை பதித்த பச்சைத் தொப்பி ஒன்றும் கொடுத்தார்கள்.

பொன்னாயி தண்ணீர்க் குடத்தோடு வழியில் நின்றாள். "பாறை வாங்கப் போனவன் தொப்பி வாங்கிக்கிட்டு வாரே?"

"கேக்கறதுக்குள்ள குடுத்துட்டாங்க பொன்னாயி."

"நீ கேக்காததையெல்லாம் நல்லாத்தான் குடுக்கறாங்க."

வேறு வழியில்லாமல் அந்த வருடம் ஊரார் சாமைக் கதிரைத் தார் ரோட்டில் பரப்பினார்கள். சேந்தமங்கலம் பஸ் ஏறியும் இறங்கியும் மிதித்துக் கொடுத்தது. செங்கோடன் மறுநாள் காலையில் குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, கந்தப்பன் வீட்டு வாசலில் போய் நின்றான்.

அவன் வாயைத் திறக்கும் முன்பே அவர் கேட்டார்: "சாமைய எங்க மிதிச்சே?"

"ரோட்டுலதானுங்க மாமா. பாறைக்கு வேலி போட்டுட்டாங்களே."

"எது மிதிச்சுது?"

"பஸ்ஸுங்க."

"பஸ்ஸு மிதிச்ச சாமைக்குப் பொண்ணு வேணும்னா டிரைவரு வந்து கேக்கட்டும். நீ ஊட்டுக்குப் போ சாமி."

செங்கோடனுக்கு மட்டும்தான் என்றில்லை, அந்த வருடம் ஊரில் ஒரு கல்யாணப் பேச்சும் எழவில்லை. ஒரு சவ்வு எதைத் தாண்ட விடும், எதைத் தடுக்கும் என்பதை ஆராய வந்த நிறுவனம், ஓர் ஊரின் அத்தனை மாப்பிள்ளைகளையும் தடுத்துவிட்டதை எந்த அறிக்கையிலும் குறிப்பிடவில்லை.

சவ்வு ஆராய்ச்சியோ அமோகமாக நடந்தது. ஒரே ஒரு சிறு தடங்கல்தான். மின்கலம் வேலை செய்தால் தண்ணீர் உண்டாகும். தண்ணீர் பட்டால் கிழங்கு மாவுச் சவ்வு கரையும். ஆக, மின்கலம் வேலை செய்யச் செய்யத் தன் வயிற்றில் இருந்த சவ்வைத் தானே கஞ்சியாகக் காய்ச்சிக் குடித்துவிட்டு நின்றுபோகும். பல்பு எரிய ஆரம்பித்து, அதைப் பார்க்க ஆளைக் கூப்பிடுவதற்குள் அணைந்துவிடும்.

சசிகுமார் இதைத் தயங்கித் தயங்கி இயக்குநரிடம் சொன்னான். டாக்டர் அர்த்தனாரி பேனாவைத் திறந்தார். பிறகு, "பிளாஸ்டிக் சவ்வு மக்க எவ்வளவு காலம் ஆகும்?" என்று கேட்டார்.

"பல நூறு வருசம் சார்."

"நம்முடையது?"

"பல்பு போட்டா, உடனே சார்."

"இதைத் தோல்வி என்கிறாயா? உலகத்திலேயே அதிவேகமாக மக்கும் சவ்வு அல்லவா இது!"

அந்தக் கோடையில் 'சுற்றுச்சூழல் மாமணி' என்ற விருது நிறுவனத்துக்குக் கிடைத்தது. பொன்னாயியின் ஆடு ஒன்று வேலியில் நுழைந்து ஒரு தட்டுச் சவ்வைத் தின்றபோது, அதையும் வீணாக்கவில்லை. உயிரினங்களுக்குப் பாதுகாப்பானது என்ற சோதனை வெற்றிகரமாக முடிந்ததாக எழுதிக்கொண்டார்கள். ஆட்டைக் கொட்டகையில் கட்டி வைத்து, தினமும் எடை போட்டு, மேலும் சவ்வு கொடுத்தார்கள். திரும்பி வந்தபோது அது வேறு எதையும் தின்ன மாட்டேன் என்றது. "ஆபீஸ் சாப்பாடு பழகிருச்சு, இனி இது காட்டுல மேயாது" என்று பொன்னாயி தலையில் அடித்துக்கொண்டாள்.

இரண்டாவது வருடம், இயக்குநரையே நேரில் கேட்டுவிடுவது என்று செங்கோடன் தீர்மானித்தான். 'சவ்வு வாரம்' கொண்டாட அவர் மலைக்கு வந்திருந்தார். தொப்பியைப் போட்டுக்கொண்டு போனதால் யாரும் தடுக்கவில்லை.

"சாமி, பாறைய அறுவடைக்கு மட்டும், ஒரு நாலு நாளைக்கு..."

"நல்ல கோரிக்கை!" என்றார் டாக்டர் அர்த்தனாரி. "மக்களின் கோரிக்கைகளைப் பரிசீலிக்கவே ஒரு குழு வைத்திருக்கிறேன். குழுவில் மக்கள் பிரதிநிதி ஒருவர் இருக்க வேண்டும் என்பது விதி. இப்போதைய பிரதிநிதி யார் சசிகுமார்?"

"இவருதான் சார். செங்கோடன்."

"அப்படியா! அப்படியென்றால் இவர் கேட்கக் கூடாதே. குழு உறுப்பினரே தன் குழுவிடம் தனக்காகக் கேட்பதா? நாளைக்கு நாலு பேர் என்ன பேசுவார்கள்? உங்கள் நேர்மைக்குக் களங்கம் வர நான் விடமாட்டேன்."

"சரிங்க சாமி, நான் குழுவுல இருந்து வெலகிக்கறேனுங்க."

"விலகலாமே. விலகலை ஏற்பதற்குக் குழு கூட வேண்டும். குழு கூடுவதற்கு மக்கள் பிரதிநிதி வேண்டும். நீங்கள்தான் விலகிவிட்டீர்களே!"

இப்படி ஒரு முட்டுச்சந்து மலையில் எந்த ஒற்றையடிப் பாதையிலும் கிடையாது. செங்கோடன் திரும்பி நடக்கும் முன், அவன் தோளில் ஒரு சால்வையைப் போர்த்திப் புகைப்படம் எடுத்துக்கொண்டார்கள்.

பொன்னாயி சால்வையைத் தொட்டுப் பார்த்தாள். "மொதல்ல தொப்பி. இப்ப சால்வை. அடுத்த தடவை ஒரு வேட்டியும் குடுத்தாங்கன்னா கல்யாணத்துக்கு ஆகும். பொண்ணுதான் இருக்காது."

"ஏன் அப்படிச் சொல்றே?"

அவள் சிரிப்பு நின்றுபோனது. "திண்ணனூர் நாட்டுல வேல்முருகன்னு ஒருத்தரு. எங்கய்யனுக்குத் தூரத்துச் சொந்தம். இந்தத் தை போயி அடுத்த தை பொறந்தா பொண்ணு கேட்டு வாராங்களாமா."

"அவனுக்கு என்ன, என்னைவிட அதிகமா காடு கெடக்குதா?"

"காடு கெடக்கறது இருக்கட்டும் மச்சான். அவங்க ஊருப் பாறை அவங்ககிட்டயே இருக்குது."

மூன்றாவது வருடம் மழை கனத்தது. பெரிய நகரத்திலிருந்து ஓர் உயர்மட்ட ஆய்வுக் குழு வரப்போவதாகத் தகவல் வந்த அதே வாரத்தில், காய வைத்திருந்த சவ்வு எல்லாம் மழையில் கரைந்து, பாறை வழியாக வழிந்து, ஓடையில் கலந்துவிட்டது. வெறும் கண்ணாடித் தட்டுகளைப் பார்த்துச் சசிகுமார் அழாத குறையாக நின்றான். குழுவின் கார் மலையடிவாரத்தைத் தாண்டிவிட்டதாகச் சேதி வந்தது. அவன் கண்ணில் பட்டது, மழை விட்டு அடித்த வெயிலில், வேலிக்கு வெளியே பொன்னாயி பாயில் காயப்போட்டிருந்த மரவள்ளிக்கிழங்கு அப்பளம்.

"ஒரு அரை நாளைக்கு மட்டும் குடுங்க அக்கா" என்று கெஞ்சினான். பொன்னாயி, "தின்னுட மாட்டீங்களே?" என்று கேட்டுவிட்டுக் கொடுத்தாள்.

குழுவின் தலைவர் ஓர் அப்பளத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். சீரான தடிமன் என்றார். நல்ல வளையும் தன்மை என்றார். பிறகு கண்ணைச் சுருக்கி, "இந்தக் கறுப்புப் புள்ளிகள்?" என்று கேட்டார்.

சசிகுமார் எச்சில் விழுங்கினான். டாக்டர் அர்த்தனாரிக்கு அந்தச் சிரமமும் இல்லை. "வினையூக்கி" என்றார்.

சீரகத்தைப் பற்றி எழுதப்பட்ட மிக உயர்ந்த வார்த்தைகள் அந்தக் குழுவின் அறிக்கையில்தான் இருக்கும். அடுத்த கட்டத்தில் வினையூக்கியின் அளவை இரு மடங்காக்கலாம் என்று பரிந்துரை செய்துவிட்டு, குழு மலை இறங்கியது. அப்பளத்தில் பாதியை மாதிரி என்று எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். மீதியைப் பொன்னாயி கூட்டிப் பெருக்கி எடுத்துக்கொண்டாள்.

இதையெல்லாம் சொல்வதால் சசிகுமாரைத் தப்பாக நினைக்கக் கூடாது. அவன் தவித்துக்கொண்டுதான் இருந்தான். ஒரு நாள் செங்கோடனைக் கொட்டகைக்குள் கூப்பிட்டு ஒரு பல்பைக் காட்டினான். காலையில் ஏற்றியதாம், வெயில் சாய்ந்த பிறகும் எரிந்துகொண்டிருந்தது.

"வாழைநாரை அரைச்சு மாவோட சேர்த்தேங்க. பக்குவம் செஞ்சதுல இப்பக் கரையறதில்லை! வேலை செய்யற வரைக்கும் உறுதியா நிக்கும், அப்பறமா மண்ணுல போட்டா மெதுவா மக்கும்."

செங்கோடன் அந்த வெளிச்சத்தையே பார்த்தான். ஊரில் பாதி வீடுகளில் இன்னும் சிம்னி விளக்குதான். இந்த ஒரு பல்புக்காகப் பாறையைக் கொடுத்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று ஒரு கணம் அவனுக்குத் தோன்றியது.

சசிகுமார் அதை இயக்குநரிடம் எடுத்துப் போனான். வாடிய முகத்தோடு திரும்பி வந்தான்.

"என்னங்க சொன்னாரு?"

"மெதுவா மக்கும்னா நம்ம விருதைத் திருப்பிக் குடுக்கணுமேன்னாரு. பூட்டி வெச்சிட்டாரு."

கார்த்திகை பிறந்தது. சாமை அறுத்துக் கட்டுக்கட்டாக வீட்டில் கிடந்தது. இன்னும் பாறை இல்லை, தை மாதம் மட்டும் வந்துகொண்டே இருந்தது. அப்போதுதான் டாக்டர் அர்த்தனாரி, சவ்வை நாட்டுக்கு அர்ப்பணிக்கும் விழாவை வட்டப்பாறையிலேயே நடத்துவது என்று அறிவித்தார். விழாவின் ஒலிபெருக்கி முழுவதும் தாவரச் சவ்வு மின்கலத்தில் இயங்குமாம். அதற்கான ஹைட்ரஜன் உருளைகளைச் சுமந்துகொண்டு ஒரு லாரி, புகையில்லா எதிர்காலத்துக்காக, வளைவுக்கு வளைவு கரும்புகை கக்கியபடி ஏறி வந்தது.

செங்கோடனுக்கும் ஒரு வேலை கொடுத்தார்கள். சிவப்புக் கம்பளம் செயற்கை நூலாம், சுற்றுச்சூழலுக்கு ஆகாது. விருந்தினர்கள் நடந்து வர, இயற்கையான விரிப்பு வேண்டும். "உங்கள் மலையில் வைக்கோல் கிடைக்குமே, பாறை முழுக்கப் பரப்பிவிடுங்கள்" என்றார் இயக்குநர். விழாவில் பயனாளி உரையும் அவனுடையதுதான். அவன் பேசவேண்டியதை எழுதியே கொடுத்துவிட்டார்கள்.

அவன் அலுத்துப்போய் வந்து பொன்னாயியிடம் சொன்னான். அவள் சிரிக்கவில்லை.

"வைக்கோலு எதுக்கு? உன்ற சாமைக் கட்டைக் கதிரோட விரி."

"கதிரோடயா? அத்தனை பேரு மிதிச்சா எல்லாம் உதுந்து போயிருமே!"

"உதுரட்டும்."

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். அவள் அவனைப் பார்க்காமல் வீட்டுப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள்: "அய்யா! பாறையில கதிரை மாடுதான் மிதிக்கோணுமா?"

உள்ளே வெற்றிலை மென்றுகொண்டிருந்த கந்தப்பன், "மாடு என்ன, மனுசன் என்ன? ரெண்டு காலோ நாலு காலோ, பாறையில மிதிபட்டாச் சரி. மாடு செத்த வருசம் நானும் உங்காத்தாளுமே மிதிச்சிருக்கறோம். ஏன் கேக்கறே?" என்றார்.

"சும்மாதானுங்கய்யா."

விழா நாளன்று பனி விலகும் முன்பே செங்கோடன் வேலிக்குள் போனான். கதிர்க்கட்டுகளோடு போனவனை முதல் தடவையாக யாரும் தடுக்கவில்லை. கட்டுகளைப் பிரித்து, பாறை முழுக்கக் கதிரைப் பரப்பினான். சசிகுமார் பார்த்துவிட்டு, "தங்கம் விரிச்ச மாதிரி இருக்குங்க" என்றான். ஊரே வேலிக்கு வெளியே வந்து நின்றது.

பாறையின் நடுவில் ஒரு மேஜை, அதன் மேல் மின்கலம். அதைச் சுற்றி அதிகாரிகள் வலம் வர வேண்டும் என்பது நிகழ்ச்சி நிரலின் முதல் அம்சம். பசுமை வலம் என்று அதற்குப் பெயர். எல்லாரும் ஒரு நீளப் பச்சை ரிப்பனைப் பிடித்துக்கொண்டு, பதவி வரிசைப்படி, பக்கம் பக்கமாக நடக்க வேண்டும். இளநிலை அலுவலர் மேஜையை ஒட்டி உள்வட்டத்தில். பெரியவர் ஆக ஆக வெளிவட்டம். கடைசியாக, எல்லாரையும்விட நீண்ட சுற்றில், இயக்குநர்.

ஒருமுறை சுற்றினார்கள். வீடியோக்காரர் கேசட் போட மறந்துவிட்டதால் இன்னொரு முறை சுற்றினார்கள். தலைமை விருந்தினர் தாமதமாக வந்து, அவரும் ரிப்பனைப் பிடிக்க ஆசைப்பட்டதால் மறுபடியும் சுற்றினார்கள். பிறகு அவருடைய துணைவியார் படத்தில் விழவில்லை என்று மறுபடியும். பூட்ஸுகளும் செருப்புகளும் சரக் சரக்கென்று கதிரை மிதித்தன. கதிர் நசுங்கி, சாமை பொல பொலவென்று பாறையில் உதிர்ந்தது.

வேலியோரம் நின்ற கந்தப்பனின் வாய் வெற்றிலையை மெல்ல மறந்தது. தலையைச் சாய்த்து, கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தார். வாழ்நாள் முழுக்கப் பிணையல் ஓட்டிய மனிதர் அவர்.

"ஓட்டம் பரவாயில்ல" என்றார் மெதுவாக. "வெளிமாடுதான் கொஞ்சம் சோம்பேறி."

அந்த நேரம் பார்த்து வெளிவட்டத்தில் டாக்டர் அர்த்தனாரி மூச்சு வாங்க நின்றார். பக்கத்திலிருந்தவர் ரிப்பனை இழுக்க, அவர் மறுபடி நடந்தார்.

வலம் முடிந்து எல்லாரும் மேடையேறினார்கள். மின்கலம் முடுக்கப்பட்டது. ஒலிபெருக்கி உயிர் பெற்றுக் கரகரத்தது. சசிகுமார் மட்டும் மின்கலத்தையே கவலையோடு பார்த்துக்கொண்டிருந்தான். உள்ளே இருந்தது விருது வாங்கிய சவ்வு.

டாக்டர் அர்த்தனாரி பேச ஆரம்பித்தார்.

"பெரியோர்களே! சவ்வு என்பது வெறும் பொருளல்ல, அது ஒரு நிர்வாகத் தத்துவம். எதை அனுமதிப்பது, எதைத் தடுப்பது என்பதே அதன் கலை. எங்கள் நிறுவனமே ஒரு சவ்வுதான். மக்களின் கோரிக்கைகள் ஒரு பக்கம், தீர்வுகள் மறுபக்கம். இரண்டும் நேரடியாகக் கலந்துவிடாமல் இத்தனை ஆண்டுகளாகக் காத்து வருகிறோம்!" கைதட்டல். "எரிசக்தியை வீணடிக்கிறோம் என்று சிலர் குறை சொல்கிறார்கள். நான் சவால் விடுகிறேன். இந்த நிறுவனம் உற்பத்தி செய்த மின்சாரத்தில் ஒரு துளியாவது வீணானது என்று யாராவது நிரூபிக்கட்டும்! உற்பத்தியானால் அல்லவா வீணாகும்? மரவள்ளியில் சாதிக்க இனி ஒன்றுமில்லை. எனவே வரும் மாதம் முதல் நிறுவனம் கடற்பாசிச் சவ்வு ஆராய்ச்சிக்காகக் கடற்கரைக்கு இடம் பெயர்கிறது. அங்கே வளைவுகள் கிடையாது என்பதையும் மகிழ்ச்சியோடு... எங்கள் சவ்வின் உறுதியைப் போலவே எங்கள் கொள்கையும்..."

ஒலிபெருக்கி கொர்ரென்று இழுத்து அடங்கியது. மின்கலத்தின் அடியிலிருந்து வெள்ளையாக, கொழகொழவென்று கஞ்சி வடிந்து மேஜையிலிருந்து சொட்டியது. வேலிக்குள் எப்படியோ நுழைந்திருந்த பொன்னாயியின் ஆடு, தன் வழக்கமான சாப்பாட்டு நேரம் என்று நினைத்து, போய் நக்க ஆரம்பித்தது.

டாக்டர் அர்த்தனாரியின் உதடுகள் இன்னும் கொஞ்ச நேரம் அசைந்தன. யாருக்கும் கேட்கவில்லை. அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மக்கும் வேகத்தில் இது புதிய சாதனையாக இருக்கக்கூடும்.

"அடுத்து, பயனாளி உரை" என்று சசிகுமார் கையைக் குவித்துக் கத்தினான்.

அதற்குள் பொன்னாயி, ஆட்டைப் பிடிக்கும் சாக்கில் வேலிக்குள் வந்து, பாறையின் ஓரத்தில் உட்கார்ந்து, மிதிபட்ட சாமையை ஒரு முறத்தில் வாரிவிட்டாள். காற்று பார்த்து ஒருமுறை தூற்றினாள். தூசு பறந்தது. ஒரு கைப்பிடியை அள்ளி, வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற அப்பாவின் உள்ளங்கையில் வைத்தாள். கந்தப்பன் தேய்த்தார். ஊதினார். இரண்டு மணியை வாயில் போட்டுக் கடித்தார். மகளைப் பார்த்தார். பிறகு பாறையைப் பார்த்தார். மேடையில் வரிசையாக உட்கார்ந்து காலைத் தடவிக்கொண்டிருந்த அதிகாரிகளையும் பார்த்தார்.

"ம்... பாறையில மிதிச்சதுதான்" என்றார். "குத்தம் சொல்ல முடியாது."

செங்கோடன் மேடையில் ஏறியிருந்தான். தலையில் தொப்பி, தோளில் சால்வை. கையில் இருந்த காகிதம் 'இச்சவ்வினால் என் வாழ்வு ஒளி பெற்றது' என்று தொடங்கியிருந்தது. அதை மடித்து மடியில் செருகினான். தொப்பியையும் சால்வையையும் கழற்றி மேஜையில் வைத்தான். அவனுக்கு ஒலிபெருக்கி தேவைப்படவில்லை. ஒரு சரிவிலிருந்து எதிர்ச் சரிவுக்குக் கூப்பிட்டுப் பழகிய தொண்டை அது.

"பெரியவங்களுக்கெல்லாம் வணக்கமுங்க. இத்தனை வருசமா நான் ஒண்ணு கேக்கோணும் கேக்கோணும்னு வந்து, கேக்காமயே திரும்பித் திரும்பிப் போயிருக்கறேன்."

"கேளுங்கள், கேளுங்கள்!" என்றார் டாக்டர் அர்த்தனாரி, பெருந்தன்மையோடு. "பாறைதானே? அதற்கு ஒரு குழு..."

"பாறை கெடக்குது உடுங்க சாமி. பாறை எங்க போவுது? அத நீங்க எறங்கிப் போனதும் நாங்களே எடுத்துக்கறோம்."

அவன் அதிகாரிகளுக்கு முதுகைக் காட்டி, வேலிப் பக்கம் திரும்பினான். முறத்தோடு நின்ற பொன்னாயி சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள். அவன் குரல் இப்போதுதான் கொஞ்சம் நடுங்கியது. ஆனாலும் எதிர்ச் சரிவு வரைக்கும் கேட்டது.

"மாமா! சாமை மிதிச்சாச்சுங்க. உங்க பொன்னாயிய எனக்குக் குடுங்க."